நூற்றிரண்டாம் லைன்

அந்த அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளே கிடையாது. தலைமைப் பொறியாளர் முதல் படிக்கட்டு துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் ‘லைன் அக்கா’. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அது யாருடையது என்று அவளே ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள் என்று கேலி செய்வார்கள்.

மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை அவளுடையது. அங்கிருக்கும் ரவுட்டர்கள் சூடாகிவிடக் கூடாது என்பதற்காக ஏ.சி. எந்நேரமும் ஓடும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் அவள் ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருப்பாள். நீர்த்தேக்கங்களின் கரையில் பதினேழு மதகு நிலையங்கள், அந்தப் பதினேழும் இந்த அறையோடு பேசுவதற்குப் பதினேழு லைன்கள். எங்கே எத்தனை அடி தண்ணீர், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதெல்லாம் அவள் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு லைன் அறுந்தால் முதல் திட்டு அவளுக்கு. சரியானால் நன்றி சொல்ல யாருக்கும் ஞாபகம் வராது. இருபத்தெட்டு வருடமாக இதே கதைதான்.

லைன்காரர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எதை மாட்டினாலும், ஒரு முனையில் இருப்பவர் ஃபோனை எடுத்து “வருதா?” என்று கேட்பார். மறுமுனைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு “வருது” என்பார். அத்தோடு வேலை முடிந்தது, இருவரும் ஃபோனை வைத்துவிடுவார்கள். அந்தச் சொல் அவள் நாக்கில் ஒட்டியே போய்விட்டது. வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டாலும் மாடியைப் பார்த்து “வருதா?” என்றுதான் கத்துவாள். அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். “வருது தாயே, வருது. இன்னும் கொஞ்சம் விட்டா முதலையும் வரும்” என்பார்.

லைன் எண்கள் நூற்றொன்றில் தொடங்கும். பதினேழில் நூற்றிரண்டாம் எண் லைன் மட்டும் அவளுக்கு வேறு மாதிரி. அது மேல் மதகு நிலையத்துக்குப் போகிற லைன். அங்கே காவலராக இருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி.

மேல் நிலையத்துக்குச் சாலை கிடையாது. காட்டுப் பாதையில் இறங்கி, அடிவாரத்தில் நிறுத்தியிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர இரண்டேமுக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்கொரு விதியும் இருந்தது. கீழேயிருந்து உத்தரவு வராமல் காவலர் நிலையத்தை விட்டு இறங்கக் கூடாது. முன்பு ஒருவர் மதகைத் திறந்துபோட்டுவிட்டுத் தன்பாட்டுக்கு இறங்கிப் போய், கீழே ஒரு தெருவே மூழ்கியதிலிருந்து வந்த விதி அது. அதனால் தினமும் சாயங்காலம் நாலு பத்துக்கு, கதவுகளைப் பூட்டிவிட்டுத் தம்பி லைன் வழியாகக் கேட்பான். திரையில் ஒரு வரி வந்து நிற்கும்: “இறங்கி வரவா?”

இவள் “வா” என்று அடிப்பாள். உடனே பதில் வரும்: “இறங்குறேன். வீட்டுல சொல்லிடு.”

மலையிலிருந்து வீட்டுக்குப் பேச அவனுக்கு வசதி கிடையாது. அலுவலக ஃபோன் அலுவலகத்துக்கு மட்டும்தான். ஆகவே இவள் தம்பி மனைவிக்கு ஃபோன் போடுவாள்.

“இறங்கிட்டான்.”

“எப்போ?”

“நாலு பத்துக்கு.”

“சரி அண்ணி.”

எட்டு வருடத்தில் அந்த இரண்டு பெண்களுக்கும் நடந்த பேச்சில் பாதிக்கு மேல் இவ்வளவுதான். குறை சொல்வதற்கில்லை, இத்தனை சின்னப் பேச்சில் சண்டை போட இடமில்லை. நாலு பத்துக்கு இறங்கினால் ஏழுக்குள் வாசலில் நிற்பான். தம்பி மனைவி ஆறே முக்காலுக்கு அவன் குளிக்கத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, மாடி வீட்டின் கதவைத் திறந்து வைப்பாள்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு நாள் விடியும்போது இடி விழுந்து மேல் நிலையத்து ரவுட்டர் கருகிப்போனது. தம்பி மேலே போய்ச் சேர்ந்ததும் அலமாரியில் கிடந்த மாற்று ரவுட்டரை எடுத்து மாட்டினான். அது வேறு கம்பெனிச் சரக்கு. அக்கா ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவன் ஒவ்வொன்றாகச் செய்தான். நடுவில் தன் வீட்டுக் கதையையும் சொன்னான்.

“இன்னிக்குக் காலைல பெரிய சண்டைக்கா. வீட்டுப் பக்கமே வராதேன்னுட்டா.”

“சாயங்காலம் போய்க் கால்ல விழு. வேற வழியில்ல உனக்கு.”

“விழத்தான் போறேன்.” சிரித்தான். பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி முடித்தான். “அக்கா, வருதா?”

“வருதுடா. தண்ணி மட்டம், கதவு நிலவரம், எல்லாம் வருது.”

“அங்கேர்ந்து இந்தப் பக்கம்...”

“பச்சை விளக்கு எரியுதா?”

“எரியுது.”

“அப்புறம் என்ன? வை ஃபோனை. எனக்கு இன்னும் மூணு லைன் கெடக்கு. போய் டீ குடி.”

மழை அதற்குள் வலுத்துவிட்டது. ஒரு மணிக்கு மலையில் ஃபோன் கம்பி அறுந்தது. நூற்றிரண்டாம் லைன் தனிக் கோபுரங்கள் வழியாகப் போவது, அதனால் அது மட்டும் தப்பியது. நாலு பத்துக்குத் திரையில் வந்தது: “தண்ணி ஏறுது. இறங்கி வரவா?”

இவள் உடனே “வா” என்று அடித்தாள். ‘அனுப்பியாயிற்று’ என்று திரை காட்டியது. ஏழு நிமிடம் கழித்து மறுபடியும் அதே வரி வந்தது. மறுபடியும் “வா” என்றாள். மறுபடியும் ஏழு நிமிடம், மறுபடியும் அதே வரி. ஐந்து இருபதுக்குள் பதினொரு தடவை அவன் கேட்டு, பதினொரு தடவை இவள் சொல்லியாயிற்று. மோசமான லைனில் பழைய செய்தியின் நகல்களே திரும்பத் திரும்ப வருவது லைன்காரர்களுக்குப் பழகிப்போன தொல்லை. அவன் எப்போதோ கிளம்பியிருப்பான், நகல்கள்தான் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் “இறங்குறேன்” வரவில்லையே என்று அவன் வீட்டுக்கு ஃபோன் போடாமல் இருந்தாள். ஐந்து இருபத்தைந்துக்கு மலைச்சரிவு பெயர்ந்து நிலையத்தின் மேல் விழுந்தது.

நான்காம் நாள் மண்ணை வெட்டி அவனை எடுத்தார்கள். அவன் பாதையில் இல்லை. அறைக்குள், திரைக்கு முன்னால், நாற்காலியில் இருந்தான். மழைக்கோட்டைப் பொத்தான் போட்டு அணிந்திருந்தான். காலணியின் நாடாவைக்கூட முடிந்திருந்தான். கிளம்பத் தயாரானவன் ஏன் உட்கார்ந்தான் என்று யாருக்கும் புரியவில்லை. ‘இறங்கும் உத்தரவு பதினொரு முறை அனுப்பப்பட்டும் ஊழியர் இறங்கவில்லை’ என்று விசாரணை அறிக்கை எழுதிக் கையைக் கழுவிக்கொண்டார்கள். அறிக்கை எழுதுகிறவர்களுக்கு ‘அனுப்பப்பட்டது’ என்ற சொல் கிடைத்துவிட்டால் போதும், அதற்குமேல் ஒரு அடி நகர மாட்டார்கள்.

துக்க வீட்டில், நாலு பேர் நடுவில், தம்பி மனைவியின் முகத்துக்கு நேராக லைன் அக்கா சொன்னாள்: “நான் வா வான்னு பதினோரு தடவை கூப்பிட்டேன். நீ சொன்ன ‘வராதே’ங்கிற ஒத்தை வார்த்தை அவனை எந்திரிக்க விடல.”

அந்தப் பெண் மறுத்து ஒரு சொல் பேசவில்லை. அதுதான் கொடுமை, அவளும் அதை நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் யாரும் அந்த மாடிப்படி ஏறியதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்துக்கொண்டு, அந்தப் பழியோடு அவள் தனியாக இருந்தாள். லைன் அக்காவும் அந்தத் தெரு வழியே போவதை விட்டுவிட்டாள்.

இந்த வருடம் எல்லா நிலையங்களுக்கும் புதிய கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. பதினேழு பழைய லைன்களையும் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தொலைபேசிக் கம்பெனி துண்டித்துவிடும், பழைய ரவுட்டரில் உள்ளதை அன்றே துடைத்து அழித்துவிட வேண்டும் என்று உத்தரவானது. அதற்குமுன் ஒவ்வொரு லைனிலும் போக்குவரத்து நின்றுவிட்டதா என்று எண்ணிக்கையைப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதி, பட்டியலில் டிக் போட வேண்டும். லைன் அக்கா செவ்வாய்க்கிழமை அந்த வேலையில் உட்கார்ந்தாள். நூற்றிரண்டை அவள் ஆறு வருடமாக அழிக்கவில்லை. அழிக்க மனது வரவில்லை என்று மட்டும்தான் சொல்ல வேண்டும்.

நூற்றிரண்டு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வந்த செய்திகளின் எண்ணிக்கை, இருபத்து நாலாயிரத்துச் சொச்சம்.

பழைய கணக்கு ஏதோ துடைக்காமல் கிடக்கிறது என்று எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் மத்தியானம் வரை பூஜ்யமாகவே இருந்தது. நாலு பத்துக்கு ஒன்று ஆனது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பதினேழுக்கு இரண்டு ஆனது. ஏழு நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து இருபது வரை ஏறி, பதினொன்றில் நின்றது. கூட்டல் கழித்தலில் அவள் கெட்டிக்காரி. ஆறு வருடத்து நாட்களைப் பதினொன்றால் பெருக்கினால் எவ்வளவு வரும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தக் காகிதத்தைக் கிழித்தாள்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவர் இருந்தார். இருபது வருடமாக ஃபோனில் குரல் மட்டும்தான் பழக்கம். நேரில் பார்த்ததில்லை என்பதால் அவளாகவே அவருக்கு ஒரு பெரிய மீசை வைத்திருந்தாள். அவருக்கு ஃபோன் போட்டாள்.

“சார், நூத்தி ரெண்டோட அந்த முனையை வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?”

“எந்த நூத்தி ரெண்டு? மலை மேல இருந்துச்சே, அதுவா? அதை அப்பவே பிடுங்கியாச்சேம்மா.”

“இங்க பச்சை எரியுது சார். டேட்டா வருது.”

“இருங்க, போய்ப் பாக்கறேன்.” அவர் நடக்கிற சத்தமும், ஏதோ இரும்புக் கதவு திறக்கிற சத்தமும் கேட்டது. “இதோ அது முன்னாடிதான் நிக்கிறேன். இதுல வயரே இல்லம்மா. ஓட்டைக்குள்ள சிலந்தி கூடு கட்டியிருக்கு.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“கையை விட்டே பாத்துட்டேன்.” இரும்புக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. “என்னம்மா இது, ஓட்டை ஜில்லுன்னு இருக்கு. காத்து வர்ற மாதிரி. சரி, வெள்ளிக்கிழமை எப்படியும் கட் பண்ணிடுவோம். நீங்க பேசாம விட்டுடுங்க.”

அவர் சொன்னது நல்ல புத்தி. ஆனால் பதினொரு தடவை, ஏழு நிமிடம், நாலு பத்து என்று தெரிந்த பிறகு பேசாமல் விட யாரால் முடியும்? வியாழக்கிழமை அவள் ஆறு வருடமாக மூடிக் கிடந்த செய்தித் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். நாலு பத்துக்கு அந்த வரி வந்தது.

“தண்ணி ஏறுது. இறங்கி வரவா?”

எழுத்துகள் ஒவ்வொன்றாக, அவன் ஒற்றை விரலால் அடிக்கிற அதே நிதானத்தில் வந்தன. எவனோ விளையாடுகிறான் என்று நினைக்கப் பார்த்தாள். “யார்?” என்று அடித்தாள். ‘அனுப்பியாயிற்று’ என்றது திரை. ஏழு நிமிடம் கழித்து, “தண்ணி ஏறுது. இறங்கி வரவா?”

“வாடா” என்று அடித்தாள். ஏழு நிமிடம். அதே கேள்வி. “தம்பி, நான்தான், வந்துடு” என்று அடித்தாள். ஏழு நிமிடம். அதே கேள்வி. அவன் வரி எப்போதும்போலவே இருந்தது, கோபமில்லை, அவசரமில்லை, உத்தரவு கேட்கிற ஊழியனின் மரியாதை மட்டும் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சத்தம் போட்டுத் திரையைப் பார்த்துத் திட்டினாள். “எத்தனை தடவைடா சொல்றது? காது கேக்கலையா உனக்கு?”

சொன்ன வாய் மூடவில்லை, அப்படியே நின்றுவிட்டாள். காது கேட்கவில்லையா?

இருபத்தெட்டு வருடத்தில் அவள் கேட்காத கேள்வி அது. இங்கே வருகிறது, சரி. அங்கே போகிறதா? அவனிடம் “வருது, போய் டீ குடி” என்று சொல்லி ஃபோனை வைத்த அந்தப் பதினொரு மணி ஞாபகத்துக்கு வந்தது. “அங்கேர்ந்து இந்தப் பக்கம்...” என்று அவன் ஆரம்பித்ததும் வந்தது. அவள் நூற்றிரண்டாம் லைனின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். பக்கத்திலேயே மற்ற பதினாறு லைன்களின் அமைப்பையும் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

விஷயம் சின்னதுதான். ஃப்ரேம் ரிலே என்கிற அந்தப் பழைய முறை லைனில் எந்தத் தகவலும் வெறுமனே போகாது. கடிதம்போல ஓர் உறைக்குள்தான் போகும். அந்த உறையில் இரண்டு வகை. ஒன்று, அவள் அறையிலிருக்கும் ரவுட்டரைச் செய்த கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. மற்றது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவானது. மறுமுனையில் வேறு கம்பெனி ரவுட்டர் இருந்தால், இவள் பக்கத்து வரியின் கடைசியில் பொது உறை என்று ஒரு சின்னச் சொல்லைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இவள் ரவுட்டர் தன் சொந்த உறையில்தான் போட்டு அனுப்பும். அந்த முனை ரவுட்டர் அதைப் பிரிக்கத் தெரியாமல் அப்படியே கீழே போட்டுவிடும், போட்டதை யாருக்கும் சொல்லவும் சொல்லாது. ஆனால் இவள் ரவுட்டருக்கு இரண்டு உறையையும் பிரிக்கத் தெரியும். அதனால் அங்கிருந்து வருவதெல்லாம் ஒழுங்காக வரும். பச்சை விளக்கும் எரியும், ஏனென்றால் அந்த விளக்கு எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் நலம் என்று மட்டும்தான் சொல்லும். அதற்கப்பால் நடப்பது அதற்குத் தெரியாது.

வேறு கம்பெனி ரவுட்டர் இருந்த ஐந்து லைன்களில் நான்கில் அந்தச் சொல் இருந்தது. நூற்றிரண்டில் இல்லை. கடைசியாக மாற்றிய தேதி என்று ஆறு வருடங்களுக்கு முந்தைய அந்த நாளும், காலை பத்து ஐம்பத்தைந்து மணியும், கீழே அவளுடைய பெயரும் இருந்தன. வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயர்.

பதினொரு தடவை அவள் “வா” என்று சொன்னாள். ஒன்றுகூட அவனுக்குப் போய்ச் சேரவில்லை. மழைக்கோட்டை மாட்டி, காலணி நாடாவை முடிந்துகொண்டு, ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுவிட்டு அவன் காத்திருந்தான். அக்கா சொல்லாமல் இறங்கக் கூடாது. அக்கா ஒன்றுமே சொல்லவில்லை. அவள் ஸ்வெட்டரின் கையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள், வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன, லைன் கட்டா?” என்றார். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். தூங்கவில்லை. நாளைக்கு ஐந்து மணிக்கு எல்லாம் அழிந்துவிடும் என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கமும், தேதியும், அவள் பெயரும் தடம் தெரியாமல் போய்விடும். அறிக்கையில் இருப்பது அப்படியே இருக்கும். பழி யார் தலையில் இருக்கிறதோ அவள் தலையிலேயே இருக்கும். ஆறு வருடம் சுமந்தவள் இன்னும் சுமக்க மாட்டாளா? இப்படி நினைத்ததற்காகத் தன்னை அவள் பின்னால் மன்னிக்கவே இல்லை. ஆனால் நினைத்தாள், அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரிவு மேலாளர் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். “என்ன லைன் அக்கா, பதினாறு டிக் ஆயிடுச்சு, நூத்தி ரெண்டு மட்டும் ஏன் தொங்குது? செத்த லைன்தானே, அழிச்சு விடுங்க.”

“நாலு பத்துக்கு அப்புறம் அழிக்கிறேன் சார்.”

“அதென்ன கணக்கு?”

“ஒரு பதில் பாக்கி இருக்கு.”

அவர் சிரித்துவிட்டுப் போனார். அவள் முதலில் அந்த அமைப்புப் பக்கத்தைத் தேதியோடும் பெயரோடும் இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்றின் அடியில், ‘அறிக்கை தவறு. உத்தரவு போய்ச் சேரவில்லை. தவறு என்னுடையது’ என்று எழுதித் தலைமைப் பொறியாளரின் மேஜையில், பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். இன்னொன்றை மடித்துக் கைப்பையில் போட்டாள். பிறகு நூற்றிரண்டாம் லைனின் வரியைத் திறந்து, கடைசியில் அந்தச் சின்னச் சொல்லைச் சேர்த்தாள். அரை நிமிட வேலை.

நாலு பத்து.

“தண்ணி ஏறுது. இறங்கி வரவா?”

அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஏ.சி. குளிர் அல்ல. இருபத்தெட்டு வருடத்துக் குளிர் அவளுக்குத் தெரியும், இது ஈர மண்ணின் குளிர். இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்துவிட்டு, மூன்றாம் தடவை சரியாக அடித்தாள். “வா.”

‘அனுப்பியாயிற்று’ என்றது திரை. அவள் அதை நம்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பன்னிரண்டுக்கு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

“இறங்குறேன். வீட்டுல சொல்லிடு.”

அடுத்த நிமிடம் பச்சை விளக்கு அணைந்தது. எக்ஸ்சேஞ்சில் துண்டிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவள் நாலு பதினேழு வரை காத்திருந்தாள். பிறகு நாலு இருபத்து நாலு வரை காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. பட்டியலில் நூற்றிரண்டுக்கு நேரே டிக் போட்டாள். பழக்க தோஷத்தில் ஃபோனை எடுத்துத் தம்பி வீட்டு எண்ணை முக்கால்வாசி அழுத்திவிட்டு வைத்தாள். இது ஃபோனில் சொல்கிற விஷயம் இல்லை.

அந்தத் தெருவுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது ஆறரை மணி. வானம் வெளுப்பாக, மேகமே இல்லாமல் இருந்தது. மாடிப்படி குறுகல், ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கைப்பிடி இரும்பில் அவன் சைக்கிள் பூட்டைத் தொங்கவிடும் கொக்கி அப்படியே இருந்தது. கதவைத் தட்டினாள்.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். கண்ணாடிக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருப்பாள் போல, விரல் நுனிகளில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. நெற்றியோரம் நரைத்திருந்தது. உள்ளே வரச் சொல்லவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் லைன் அக்காவுக்கு மறந்துபோயின. வாயில் வந்தது பழைய வார்த்தைதான்.

“இறங்கிட்டான்.”

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. ஆனால் அவள் நாக்கும் பழகிய நாக்குதானே.

“எப்போ?”

“நாலு பன்னண்டுக்கு.”

அவள் சுவரிலிருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வழிவிட்டு நின்றாள். லைன் அக்கா உள்ளே போய், உட்காராமல், கைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்து வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். உறையையும், விளக்கையும், டீ குடிக்கச் சொல்லி ஃபோனை வைத்ததையும், பதினொரு தடவையையும், இந்த நாலு நாளையும் சொன்னாள். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. “உன்னால இல்லம்மா. சாயங்காலம் வந்து உன் கால்ல விழறதாத்தான் இருந்தான். என்கிட்ட சொல்லிச் சிரிச்சான். எந்திரிக்கிறதுக்கு என் பதிலைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.”

தம்பி மனைவி அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. “சிரிச்சாரா?” என்று கேட்டாள்.

“சிரிச்சான்.”

“ஆறு வருஷம்” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “தினம் நாலு பத்துக்குக் கடைல கையை நிறுத்திட்டு, அந்த வார்த்தையை ஏன் சொன்னேன், ஏன் சொன்னேன்னு என்னையே கேட்டுக்குவேன் அண்ணி. அவரும் அப்ப உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கார்.”

லைன் அக்கா மன்னிப்புக் கேட்கலாமென்று வாயைத் திறந்தாள். அந்தப் பெண் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தமும், பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தமும், அடுப்பு பற்றும் சத்தமும் கேட்டன. கடிகாரத்தில் ஆறே முக்கால் ஆகியிருந்தது.

திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க கிளம்புங்க அண்ணி. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க.”

“சரிம்மா.” லைன் அக்கா வாசலைத் தாண்டி, பழக்கத்தில் கதவை இழுத்தாள்.

“சாத்தாதீங்க” என்றது உள்ளேயிருந்து குரல். “இன்னும் ஏழாகல.”

அவள் கதவை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கினாள். பாதிப் படியில், கீழேயிருந்து யாரோ ஏறி வருவதுபோலத் தோன்றி, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டு நின்றாள். ஈர மண்ணின் குளிர் அவள் முகத்துக்கு நேரே வந்து, கடந்து, மேலே போயிற்று. கொக்கியில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. அவள் தலையைத் தூக்கவில்லை. தன் பக்கம் எல்லாம் வந்துவிட்டது, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. மேலே வீட்டுக்குள் தண்ணீர் கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண் தாழ்ந்த குரலில் ஏதோ பேச ஆரம்பித்தாள், நடுநடுவே நிறுத்தி, பதில் கேட்பதுபோலக் கேட்டு, மறுபடி பேசினாள். லைன் அக்கா மீதிப் படிகளை இறங்கி வீட்டுக்குப் போனாள்.